கடைசி மாத்திரை வரை

ஜூன் 11, ஞாயிறு

விடிவதற்கு முன் எழுந்து படுக்கை விரிப்பை அலசிப் பின்பக்கக் கொடியில் போட்டேன். அதற்குப் பிறகுதான் பல் துலக்கினேன். காப்பி போட்டுக் குடித்தேன். இரண்டு மாதமாக விட்டிருந்த காப்பி. கசந்தது. டிகாக்‌ஷன் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டு இன்று வந்திருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் இப்படித் தாறுமாறாகத்தான் வரும் என்று படித்திருக்கிறேன். அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

இந்த வீட்டு வழக்கப்படி நான் இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் மூன்று நாள் ஒதுங்க வேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது. குழந்தையைத் தொடவே கூடாது. ஆனால் நாளை திங்கள். என் ஓரகத்தி சுபாஷினி எட்டரைக்கெல்லாம் வங்கிக்குக் கிளம்பிவிடுவாள். கொழுந்தன் மஸ்கட்டில். என் கணவர் எலெக்ட்ரிகல் கடையைத் திறக்கப் போய்விடுவார். சுபாஷினியின் மகன் யாழனுக்கு ஒன்றேகால் வயது. பிறந்த நான்காம் மாதத்திலிருந்து பகல் முழுக்க என் இடுப்பில்தான் இருக்கிறான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு பானுமதி அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பெரம்பலூர் திரும்பும் வழியில் துறையூரில் இறங்கிவிட்டார்.

"கல்யாணமா அது? குருமாவை மொத நாளே வச்சு ஆற வச்சிருப்பானுவ. வயிறு கடகடங்குது கோதை. ஓமத்தண்ணி இருந்தா குடு."

மத்தியானத்துக்குள் மூன்று தடவை பின்பக்கக் கக்கூசுக்குப் போய் வந்தார். அங்கே சோப்பு கரைந்து தீர்ந்திருந்தது. புதிதாக ஒன்று வைக்க நினைத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்தது, போய்விட்டேன்.

யாழனுக்கு நான் வாழைப்பழத்தை ஸ்பூனால் மசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். "கரண்டியில ஊட்டுனா புள்ளைக்கு எப்படி ஒட்டும்? அத்தை கையால தின்னாத்தான் ஒட்டும். வாடா என் ராசா." விரலால் பிசைந்து பிசைந்து ஊட்டினார். என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவர் விரலை நக்கி நக்கித் தின்றான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது கொடியைப் பார்த்தார். "என்ன, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா விரிப்புத் தொவச்சிருக்க?"

"தண்ணி சொம்பு கவுந்துருச்சு அண்ணி."

ஜூன் 13, செவ்வாய்

யாழனுக்குக் காய்ச்சல். காலையிலிருந்து தண்ணீராகப் போகிறான். சுபா அலுவலகத்திலிருந்து போன் செய்தாள். "பல்லு வருதுக்கா. எங்க அக்கா பையனுக்கும் இப்படித்தான் போச்சு."

கீழ் ஈறைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் எதுவும் இல்லை. ஆனால் பெற்றவள் சொல்கிறாள்.

ஜூன் 14, புதன்

தண்ணீராகப் போனது நின்று, முக்கி முக்கி ஒரு ஸ்பூன் அளவு போகிறான். ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து, காலை மடக்கிக்கொண்டு கத்துகிறான். மத்தியானம் ஜட்டியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். சளி. அதில் சிவப்பு நூல்போல் ரத்தம்.

நான் விலங்கியல் பட்டதாரி. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் குடல் நோய்க்கிருமிகளைப் படம் வரைந்து பாகம் குறித்தவள். சளியும் ரத்தமும் வந்தால் அது பல் முளைக்கிற கழிச்சல் இல்லை, சீதபேதி என்பது தெரியும். இரவு சாப்பாட்டின்போது சொன்னேன். "ரத்தம் போகுது. நாளைக்கே டாக்டர்ட்ட காட்டணும்."

சுபாவின் முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கு ஆடிட்டுக்கா... சனிக்கிழமை போலாமா?"

என் கணவர் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இந்த வீட்டில் எந்த முடிவும் பெரம்பலூர் போய்த்தான் திரும்பும்.

"சூடுதான். பாலை நிறுத்து. கஞ்சியும் வேணாம். வயித்தக் காயப் போடு, தானா நிக்கும். பச்சையாப் போகுதா?"

"கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ரத்தம்" என்றேன்.

அண்ணி அங்கே யாரிடமோ முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "நாளைக்கு வரேன்" என்றார்.

எல்லோரும் படுத்த பிறகு அரிசிக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தான். அவ்வளவு தாகம்.

ஜூன் 15, வியாழன்

அண்ணி முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்று சொல்லச் சொல்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மந்திரிப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனார். என் கணவர் வண்டி ஓட்டினார். திரும்பி வரும்போது குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு, நெற்றியில் திருநீறு. வரும் வழியில் மெடிக்கலில் என் கணவர் ஒரு மாத்திரையும் வாங்கியிருந்தார். கழிச்சலைச் சட்டென்று நிறுத்துகிற மாத்திரை. பாதியை உடைத்துத் தேனில் குழைத்தார்.

"பெரியவங்க மாத்திரை இது. ரத்தம் போறப்போ இதக் குடுக்கக்கூடாது" என்றேன்.

"மெடிக்கல்காரன விட உனக்குத் தெரியுமோ?"

"தோஷம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு" என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமல். "தீட்டுக்காரி யாரோ தொட்டுருக்கான்னாரு."

நான் உலையில் அரிசி போடப் போனேன்.

சாயங்காலத்துக்குப் பிறகு யாழன் போகவே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. "பாத்தியா, கயிறு கட்டுன கையோட நின்னுருச்சு" என்று அண்ணி காப்பி கேட்டார். சுபா இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள். நான் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உப்பி, தோல் இழுத்துக்கட்டிய மாதிரி இருந்தது. உடம்பு கொதித்தது. அழுகைகூடச் சன்னமாகிவிட்டது. அதைத்தான் அவர்கள் சமாதானமாகிவிட்டான் என்றார்கள்.

ஜூன் 16, வெள்ளி

மத்தியானம் வலிப்பு வந்துவிட்டது. திருச்சிக்குப் போகிறோம்.

ஜூன் 18, ஞாயிறு. ஆஸ்பத்திரி

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. யாழன் கண்ணைத் திறந்து பார்க்கிறான். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஆபத்து இல்லை என்று டாக்டர் காலையில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வாடகைக் காரில் நாற்பத்தைந்து கிலோமீட்டரும் அவனை என் மடியில் ஒருக்களித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். ஏறும்போதே சுபா அவனை என்னிடம் கொடுத்துவிட்டாள். அண்ணி முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, டிரைவரை வேகமாகப் போகச் சொன்னார்.

குழந்தை மருத்துவர் ஸ்டெல்லா என்னைவிடச் சின்னவர். அவன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்க?" என்றார். என் கணவர் மாத்திரை அட்டையை நீட்டினார். டாக்டர் அதைத் தூக்கி மேசைமேல் போட்டார்.

"ரத்தமும் சளியுமாப் போகுதுன்னா குடலுக்குள்ள புண்ணு. கிருமியும் அதோட விஷமும் வெளிய வந்துட்டிருக்கு. நீங்க கதவைப் பூட்டிட்டீங்க. உள்ளயே நின்னுடுச்சு. பால் ஏன் நிறுத்துனீங்க? பட்டினி போட்டா புண்ணு எப்படிங்க ஆறும்?"

ஊசி மருந்து, குளுக்கோஸ். சர்க்கரை குறைந்திருந்தது என்றார். பட்டினியும் காய்ச்சலும் சேர்ந்துதான் வலிப்பு. விழித்த பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனில்தான் கொடுக்கச் சொன்னார். நாங்கள் கொண்டுவந்திருந்த பால் பாட்டிலை அங்கேயே குப்பையில் போடச் சொன்னார்.

நேற்று ரவுண்ட்ஸ் வந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இது பெரும்பாலும் கை வழியாத்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாப் போதும், குழந்தைக்கு வந்துடும். இதுக்கு மூணு நாலு நாள் முன்னாடி வீட்ல வேற யாருக்காவது வயித்தால போச்சா?"

எனக்கு ஓமத்தண்ணீர் நினைவுக்கு வந்தது. வாழைப்பழம் நினைவுக்கு வந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணியும் என்னைப் பார்த்தார். நான் நினைத்ததை அவர் கண்ணிலேயே படித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க டாக்டர். இவ வீட்டுக்குத் தூரமா இருந்தா. யாருகிட்டயும் சொல்லாம புள்ளயத் தூக்கி வச்சிருந்தா. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கொடில விரிப்பு காயுது, எனக்கு அப்பவே சந்தேகம். பின்பக்கம் குப்பைக் கூடையப் பாத்தேன். அதுலயே தெரிஞ்சு போச்சு."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் டாக்டர். "கை கழுவினாங்களா, அது மட்டும்தான் கேள்வி." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு நாற்பது குழந்தைகள்.

சுபா என் பக்கம் திரும்பினாள். வங்கியில் அதிகாரி. கணினியில் முதுகலை. "நிஜமாவாக்கா?" என்றாள். "எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்லக்கா. ஆனா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" சொல்லிக்கொண்டே கட்டிலில் என் கைக்கும் குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

என் கணவர் என்னை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

"எப்போ வந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை."

"மூணு மாசமா இல்லைன்னு..." அதோடு நிறுத்தினார். அப்படியானால் அவரும் கவனித்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு சேர்ந்து அவரும் காத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடம், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, இந்த மனிதரின் தோளில் சாய்ந்து அழலாம் என்று தோன்றியது.

"அண்ணி கையால..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு அவங்களுக்கு வயித்தால போயிட்டிருந்துச்சுங்க. அந்தக் கையாலதான் பழம் ஊட்டுனாங்க."

"இப்ப யாரு கொண்டுவந்தாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி என்ன ஆவப்போவுது? விடு. அக்கா மனசு நோகக்கூடாது. நீ கொஞ்ச நாளைக்குப் புள்ளகிட்டேருந்து தள்ளியே இரு."

காரணம் நான் என்று நினைத்தபோது மட்டும் ஆராய்ச்சி தேவைப்பட்டது.

ஜூன் 19, திங்கள். ஆஸ்பத்திரி

யாழன் இன்று தயிர்சாதம் நாலு வாய் சாப்பிட்டானாம். ஜிங்க் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். தினம் ஒன்று, பதினான்கு நாள். கழிச்சல் நின்றாலும் நிறுத்தக்கூடாதாம். குடலின் உள்தோல் மறுபடி வளர அது வேண்டும் என்று நர்ஸ் சுபாவிடம் சொல்வது வராந்தாவரை கேட்டது. கடைசி மாத்திரை ஜூலை 2.

ஜூன் 21, புதன்

நேற்று வீடு திரும்பினோம். எனக்கு எல்லாம் நின்று நாளாகிவிட்டது. ஆனால் அண்ணி கணக்கு வேறு. இரண்டு வெள்ளிக்கிழமை போக வேண்டும், மந்திரித்த கயிறு மாற்ற வேண்டும், அதுவரை நான் அவனைத் தொடக்கூடாது. அண்ணி இங்கேயே தங்கிவிட்டார். சுபா விடுப்புப் போட்டிருக்கிறாள்.

தூக்கத்தான் கூடாது. அவன் துணிகளைத் துவைக்கலாம். காலையில் எழுந்ததும் பின்பக்கம் அழுக்குத் துணியோடு ஒரு வாளி எனக்காக வைத்திருக்கிறார்கள்.

சுபா ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே கத்திவிட்டேன். "சுபா, அது ஒரு லிட்டருக்கு! அவ்வளவு உப்பு உள்ள போனா ஆபத்து."

"பாதிப் பாதியாக் கலந்துக்கலாம்னு..."

"கூடாது. முழுப் பாக்கெட், முழு லிட்டர். ஆறவச்ச தண்ணி. சாயங்காலம் மீந்தாக் கொட்டிடு. நாளைக்குப் புதுசு."

அவள் கொட்டிவிட்டுச் சொன்னபடி செய்தாள். "உங்களுக்கு எல்லாம் தெரியுதுக்கா" என்றாள். நிஜமான மரியாதையோடுதான் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டப் போனாள். உள்ளே அவன் "ம்மா, ம்மா" என்பது கேட்டது. அந்தச் சொல்லை அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொல்வான்.

ஜிங்க் மாத்திரையைக் கரைப்பது என் வேலை. ஸ்பூனில் தண்ணீர் விட்டுக் கரைத்து நிலைப்படியில் வைப்பேன். சுபா எடுத்துக்கொள்வாள்.

ஜூன் 23, வெள்ளி

சந்தைக்குப் போய்ச் சோப்பு வாங்கினேன், ஆறு கட்டி. கக்கூசு, குழாயடி, சமையலறை எல்லாவற்றிலும் வைத்தேன். பின்பக்கக் கக்கூசில் இரண்டு.

ஜூன் 25, ஞாயிறு

முந்தாநாள் ராத்திரியிலிருந்து எனக்கு. அதே முக்கல், அதே சளி, அதே சிவப்பு. வாளியிலிருந்து வந்ததுதான். ஆட்டோ பிடித்து நானே அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிவந்தேன். குனிய முடியவில்லை.

கூடத்தில் அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "புள்ளகிட்டேருந்து எடுத்தாச்சுல்ல, போறதுக்கு எடம் வேணும்ல. செஞ்சவளுக்கே திரும்பிருச்சு."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா, பாவம். அந்தப் பொண்ணுதான புள்ளய வளத்துச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வளத்தா. யாரு இல்லைன்னா? ஒரு புள்ள பெத்துருந்தா அருமை தெரிஞ்சிருக்கும்."

என் கணவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். எனக்குக் கேட்கக்கூடாது என்ற கரிசனமாக இருக்கலாம்.

ஜூன் 27, செவ்வாய்

படிக்குக் கீழே உள்ள அறையில் படுத்திருக்கிறேன். இன்று இட்லி சாப்பிட்டேன். நான்கு நாளாக மாத்திரை கரைக்க நான் போகவில்லை, என் கை சரியில்லை என்பதால். சுபாவைக் கூப்பிட்டுக் கரைக்கச் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் ஐந்து இருக்கிறது.

ஜூன் 30, வெள்ளி

இரண்டாவது வெள்ளி முடிந்தது. கயிறு மாற்றியாயிற்று. நானும் முற்றிலும் சரியாகிவிட்டேன். சாயங்காலம் அண்ணி என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். என் கணவரும் சுபாவும் இருந்தார்கள். பஞ்சாயத்து மாதிரி இருந்தது. முடிவு ஏற்கெனவே எடுத்திருந்தார்கள்.

"தோஷம் கழிஞ்சுது கோதை. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. திங்கக்கெழமை சுபா வேலைக்குப் போவணும். பழையபடி நீயே புள்ளயப் பாத்துக்க. ஆனா ஒண்ணு." கூடத்துச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைக் காட்டினார். "இனிமே உனக்கு ஆவுற தேதிக்கு இதுல சிவப்புல வட்டம் போட்ரு. எல்லாருக்கும் தெரியட்டும். மூடிமறைக்கிற பேச்சே வேணாம். அந்த நாள்ல நீ தொட வேணாம், எனக்குப் போன் போட்டா நான் வந்துருவேன். இல்ல சுபா லீவு போட்டுக்குவா."

கேஸ்காரரும் பேப்பர் பையனும் வந்து நிற்கிற கூடம்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் நல்லதுதானே" என்றார்.

சுபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒரு சேஃப்டிக்குத்தான். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"பேனா?" என்று கேட்டேன்.

சுபாவே தன் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டாள். ஆடிட்டுக்கு உபயோகிக்கிற பேனா.

பிறகு யாழனைக் கொண்டுவந்து என் மடியில் விட்டார்கள். இளைத்திருந்தான். என் தாலிச் சரடைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். நான் முதலில் அவன் கையைப் பார்த்தேன், நகம் வெட்டியிருக்கிறார்களா என்று. வெட்டவில்லை. வெட்டிவிட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகக் கடைசி மாத்திரையைக் கரைத்தேன். என் கையாலேயே கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். இன்று ஒரே ஒரு தடவை, கெட்டியாகப் போனான். இவ்வளவு நேரம் ஒரு குழந்தையின் மலத்தைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

பகலில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். அவன் கிண்ணம், ஸ்பூன், டம்ளர் எல்லாம் வெந்நீரில் கொதிக்கவைத்துத் தனித் தட்டில் கவிழ்த்தேன். சுபாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஊட்டுவதற்கு முன் சோப்பு, கக்கூசு போய்வந்தால் சோப்பு, அவனுக்குக் கால் கழுவிவிட்டால் சோப்பு, யார் கையாக இருந்தாலும். ரத்தம் கண்டால் ஒரு வேளைகூடக் காத்திருக்கக்கூடாது. நிறுத்துகிற மாத்திரை எப்போதுமே கூடாது. பாலை நிறுத்தக்கூடாது. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒப்பித்தாள். "ஏங்க்கா, நீங்கதான பாத்துக்கப் போறீங்க, எனக்கு எதுக்குப் பாடம்?"

"தாய்க்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

அண்ணி மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். யாழனுக்கு முத்தம் கொடுக்க வந்தவரைக் குழாயடியைக் காட்டி, "சோப்பு அங்க இருக்கு அண்ணி" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. போய்க் கழுவிவிட்டு வந்தார். அது போதும் எனக்கு. அதற்குமேல் அவரிடம் வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை.

என் கணவர் ராத்திரி சாப்பிடும்போது, "நாளையிலேருந்து எல்லாம் பழையபடி ஆயிரும்" என்றார். மோர் ஊற்றினேன்.

எல்லோரும் தூங்குகிறார்கள். விடிவதற்கு முன் எழுந்துகொள்வேன். அலச விரிப்பு எதுவும் இருக்காது. உடம்பில் ஒன்றுமில்லை, வரும் அறிகுறியும் இல்லை. கூடத்துக்குப் போய், ஆணியில் தொங்கும் அந்தப் பேனாவை எடுத்து, ஜூலை 3க்கு வட்டம் போடுவேன். செவ்வாய்க்கும் போடுவேன். புதனுக்கும். தாள் முடியும்வரை ஒரு தேதி விடாமல் போட்டுவிட்டு, அடுத்த மாதத் தாளையும் புரட்டுவேன். அவர்கள் வைத்த சட்டம், அவர்கள் கட்டிய பேனா. கேஸ்காரர் பார்க்கட்டும், பேப்பர் பையன் பார்க்கட்டும். சுபா விடுப்பை நீட்டட்டும். அண்ணிக்கு யார் வேண்டுமானாலும் போன் போடட்டும். என்ன இது என்று என் கணவர் கேட்டால், எல்லாருக்கும் நல்லதுதானே என்று சொல்வேன்.

எட்டரைக்கு சுபா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலண்டரைப் பார்க்காமல், அவசரத்தில் குழந்தையை என் பக்கம் நீட்டுவாள். நான் கையை நீட்ட மாட்டேன்.

அவன் தாவுவான். அது தெரிந்துதான் முடிவு செய்திருக்கிறேன்.